ஏற்றத்தில் மூன்று நிறுத்தங்கள்

அவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. அப்பா இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மாலை ஐந்து மணிக்கு விவசாயிகள் சங்கக் கூடத்தில் அவருக்கு நினைவுக் கூட்டம். "மூத்த பொண்ணு நீங்க, நாலு வார்த்தை பேசணும்மா" என்று சங்கச் செயலாளர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாலு வார்த்தைதானே என்று அவளும் தலையாட்டிவிட்டாள்.

அப்பாவின் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, கைப்பையில் கிடந்த பழைய பஸ் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். 'எங்கள் அப்பாவுக்குக் குதிரை என்றால் உயிர்.' அதற்கு மேல் பேனா நகரவில்லை. இதைச் சொல்ல ஒரு மகள் எதற்கு, இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள். சங்கத்து வாட்ச்மேன் சொல்வார். வாட்ச்மேனின் நாய்க்குப் பேச வந்தால் அதுவும் சொல்லும்.

பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரையும் 'வா, போ' என்று கூப்பிட்ட மனிதர், குதிரைகளை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டார். "தண்ணி குடிச்சீங்களாம்மா?" என்று கொட்டிலிலிருந்து குரல் கேட்டால், வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் யாரோ பெரிய மனுஷி விருந்துக்கு வந்திருப்பதாக நினைத்துச் சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள். அம்மா உயிரோடு இருந்தவரை வாய்க்கு வாய் சொல்வாள்: "அடுத்த பிறவியில நான் குதிரையாப் பொறக்கணும். அப்பவாவது இந்த மனுஷன் சாப்பிட்டியான்னு கேப்பாரு." அப்பா சிரித்துக்கொண்டே தட்டை அவள் பக்கம் தள்ளுவார். ஆனால் கேட்க மாட்டார்.

சுவரில் அவளுடைய கல்யாணப் போட்டோ தொங்கியது. அதில் எல்லோரும் பளபளவென்று நிற்க, அப்பா மட்டும் ஓரத்தில் தோளில் வைக்கோல் துணுக்கோடு நிற்கிறார். அன்று விடியற்காலையில் கருப்புக் குதிரைக்கு வயிற்று வலி. படுத்தால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று அதைப் படுக்க விடாமல் நாலு மணி நேரம் நடத்திக்கொண்டே இருந்துவிட்டு, போட்டோக்காரர் விளக்கை அணைக்கப் போகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு அந்தக் கோபம் ஏழெட்டு வருஷம் இருந்தது. பிறகு பழகிவிட்டது.

இதையெல்லாம் மேடையில் சொல்லலாம், ஜனங்கள் சிரிப்பார்கள். ஆனால் சொல்ல ஆரம்பித்தால் கடைசியில் அந்தச் செவலையில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். அங்கே வந்ததும் அவள் பேனாவை மூடி வைத்தாள்.

செவலை, அப்பாவின் கடைசிக் குதிரை. பதினெட்டு வயதுப் பெட்டை. தோட்டத்துக் காய்கறிப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி, வீட்டிலிருந்து மேலே தார்ச்சாலைக்குப் போகும் மண்தடத்தில் இழுத்துக்கொண்டு போவது அதன் வேலை. எட்டு மணிக்குச் சாலையில் கொள்முதல் வேன் வரும். தம்பி டிராக்டர் வாங்கி ஆறு வருஷம் ஆகிவிட்டாலும், ஈரத்தில் டிராக்டர் தடத்தைக் குழப்பிவிடும் என்று சாக்குச் சொல்லி, அந்த ஒரு வேலையை மட்டும் அப்பா செவலைக்கென்று பிடித்து வைத்திருந்தார்.

மூன்று வருஷமாகச் செவலைக்கு ஒரு கெட்ட பழக்கம். ஏற்றத்தில் திடீர் திடீரென்று நின்றுவிடும். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். குதிரையும் வண்டியும் சிலை மாதிரி நிற்கும். "மாமா குதிரை மறுபடியும் நின்னுடுச்சு" என்று தம்பி மனைவி சொல்வாள். தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மாட்டு டாக்டரை மூன்று முறை கூட்டி வந்தான். டாக்டரும் குளம்பைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை விலாவில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். மூன்று முறையும் ஒரே பதில்: "குதிரைக்கு ஒண்ணும் இல்ல." கடைசி முறை அவளும் லீவில் வந்திருந்தாள். தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா, "கேட்டுக்கிட்டீங்களாம்மா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையாம்" என்று செவலையிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. வயசானால் சிரிப்புக்குக்கூட மூச்சு வாங்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பத்து நாளைக்கு முன்னால் காலை ஏழேகாலுக்கு அப்பா பெட்டிகளோடு கிளம்பினார். ஏழரைக்குத் தம்பி மனைவி ஜன்னலில் பார்த்தாள், குதிரை நின்றுகொண்டிருந்தது. எட்டு மணிக்கும் நின்றுகொண்டிருந்தது. "இன்னைக்கு ரொம்பத்தான் பிடிவாதம்" என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே டீ குடித்தார்கள். எட்டரைக்கு வேன்காரர் போன் செய்த பிறகுதான் தம்பி எழுந்து போனான். குதிரைக்கு அந்தப் பக்கம், வெட்டிய மரத்து அடிக்கட்டை ஒன்றின் பக்கத்தில் அப்பா கிடந்தார். இதயம் நின்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"நகராத குதிரையோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டியே போயிட்டாருக்கா. அதுதான் அப்பாவைக் கொன்னுது." போனில் தம்பி சொன்ன முதல் வாக்கியமே இதுதான். அதற்குப் பிறகு அவன் கொட்டில் பக்கமே போகவில்லை. வேலைக்கு ஆகாத குதிரைகளை வாங்கிப் போகிற ஒருவரிடம் பேசி முடித்துவிட்டான். அந்த லாரி எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அறுப்புக்கூடத்துக்குத்தான் போகும். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் அந்தக் குதிரை தன் கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்று அவன் ஒரே பிடியாக நின்றான். அவளும் எதிர்த்துப் பேசவில்லை. எதற்காகப் பேச வேண்டும்? அவளுக்கும் அதே எரிச்சல்தான். எத்தனை 'வாங்க', எத்தனை 'போங்க', கடைசியில் அந்த மனிதரைச் சேற்றில் நிறுத்தி வைத்தே கொன்றுவிட்டது.

பன்னிரண்டு மணிக்குத் தம்பி சாலையிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, லாரி வந்துடுச்சு. மழை ஈரத்துல கீழே இறங்காதாம். நீயே அதை மேலே கூட்டிட்டு வந்துடேன்."

"நானா? நீ வந்து கூட்டிட்டுப் போயேன்."

"நான் கயித்தைத் தொட்டா அடிச்சுடுவேன். வேணாம். ஒரு மணிக்குள்ள டிரைவர் கிளம்பணுங்கறாரு."

ஒரு மணி என்று கேட்டதும் அவள் கை தானாகக் கடிகாரத்துக்குப் போனது. இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நிமிஷம் நின்றது, எத்தனை மணிக்குப் போனது என்று குறிப்பதுதான் பிழைப்பு. மூன்று நிமிஷம் அதிகம் நின்ற டிரைவர் அவள் கூண்டுப் பக்கம் தலை காட்டவே பயப்படுவார். காரணமில்லாமல் நிற்கிற எதையும் அவளுக்குப் பிடிக்காது. அந்த விஷயத்தில் பஸ்ஸும் ஒன்றுதான், குதிரையும் ஒன்றுதான்.

செவலை கொட்டிலில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. தீவனத் தொட்டியில் போட்டது போட்டபடி கிடந்தது. அவள் கழுத்துப் பட்டையை மாட்டி, தலைக்கயிற்றைப் பிடித்ததும் ஒரு மறுப்பும் இல்லாமல் பின்னால் வந்தது. சிறு வயதில் அப்பா சொல்லிக் கொடுத்தபடி குதிரைக்கு இடதுபக்கம் நடந்தாள். குதிரையை எப்போதும் இடதுபக்கமிருந்துதான் பிடிக்க வேண்டும், எல்லாக் குதிரைக்காரர்களுக்கும் அதுதான் வழக்கம். அப்பா மட்டும் சமீப வருஷங்களில் வலதுபக்கம் மாறிவிட்டார். "தோள்பட்டை வலிக்குதுப்பா, அதான்" என்று தம்பியிடம் சொன்னாராம்.

தடம் வீட்டை இடதுபக்கம் விட்டுவிட்டு மேலே ஏறியது. அரை மைல்கூட இருக்காது, ஆனால் நல்ல செங்குத்து. காலி வண்டியோடு இறங்கும்போது அப்பா ராஜா மாதிரி உட்கார்ந்து வருவார். ஏறும்போது ஒருநாளும் வண்டியில் உட்கார மாட்டார். பாரம் இழுக்கிற குதிரைக்கு மேடு வந்தால் ஆள் இறங்கி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் மனுஷனே இல்லை என்பது அவர் சட்டம். எழுபத்து மூன்று வயதிலும் அந்தச் சட்டத்தை அவர் ஒரு நாள்கூட மீறவில்லை.

நூறு அடி ஏறியிருப்பார்கள். செவலை நின்றது.

"ஆரம்பிச்சுட்டியா" என்றாள். இழுத்தாள். குதிரை கழுத்தை நீட்டிக் கொடுத்ததே தவிர, கால் அசையவில்லை. பின்னால் போய்த் தட்டினாள், நாக்கால் 'டக் டக்' என்று ஓசை எழுப்பினாள், திட்டினாள். அது அவளைப் பார்க்கவே இல்லை. தலையை வலதுபக்கம் திருப்பி, அங்கே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு இருபது. இடதுபக்கம் சேறு கணுக்கால் வரை இருந்ததால் அவள் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் வந்தாள். வேலிக்கம்பம் ஒன்று நின்றிருந்தது. வழுக்காமலிருக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கழுத்துப் பட்டையைப் பற்றினாள். உடனே செவலை நடக்கத் தொடங்கியது.

மூன்று நிமிஷம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள். பழக்க தோஷம்.

நாலடி போன பிறகுதான் அந்தக் கம்பம் ஞாபகத்துக்கு வந்தது. மற்றக் கம்பங்களெல்லாம் பாசி பிடித்துச் சொரசொரவென்று இருந்தன. அவள் பிடித்தது மட்டும் நெஞ்சு உயரத்தில் மழமழவென்று, படிக்கட்டுக் கைப்பிடி மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள். சரி, குதிரை உரசியிருக்கும் என்று நினைத்தாள்.

போன் அடித்தது. தம்பி.

"எங்கே இருக்கே?"

"வந்துட்டே இருக்கேன். நின்னுடுச்சு."

"அது நிக்காம வேற என்ன பண்ணும். இழுத்துட்டு வா."

காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி விறுவிறுவென்று நடந்தாள். இருநூறு அடி தாண்டி, தண்ணீர் போகிற சின்ன மதகுக்கு வந்ததும் செவலை மறுபடி நின்றது. இந்த முறை அவள் கத்தவில்லை, கத்தத் தெம்பில்லை. ஏற்றம் அவளுக்கே நெஞ்சை அடைத்தது. செருப்பில் ஒட்டிய சேற்றை வழிக்கலாம் என்று வலதுபக்கம் இருந்த மதகுச் சுவரில் உட்கார்ந்தாள். முழங்கால் உயரச் சுவர். உட்கார வாகாக இருந்தது. உட்கார்ந்ததும் செவலை ஒரு எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து, அவளுக்கு நேர் முன்னால் வந்து நின்றுகொண்டது. அதன் விலா மேலும் கீழும் மெதுவாக ஏறி இறங்கியது. மூச்சு ஒரு சீராக இருந்தது. பதினெட்டு வயதுக் குதிரை இளைக்கவே இல்லை. இளைத்துக்கொண்டிருந்தது அவள்தான்.

இங்கே ஏன் நிற்கிறது? புல் இல்லை. தண்ணீர்கூட மதகுக்கு அடியில்தான் ஓடியது, எட்டாது. நிழலும் இல்லை. பஸ் நிற்க வேண்டுமென்றால் ஏற ஆள் இருக்க வேண்டும், அல்லது இறங்க ஆள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு வண்டி தினமும் ஒரே இடத்தில் நின்றால், அங்கே டிரைவருக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கற்றது அது ஒன்றுதான்.

எழுந்திருக்கும்போது கை பிடித்துக்கொள்ள எதையாவது தேடியது. செவலை கழுத்தைத் தாழ்த்தியது. யாரும் சொல்லாமலே, எழுந்திருக்கிற ஆளின் கைக்கு எட்டுகிற அளவுக்கு. பட்டையைப் பிடித்து எழுந்தாள். முழு நிமிர்வுக்கு வந்ததும் குதிரை நடக்கத் தொடங்கியது.

'இல்லை' என்று சத்தமாகவே சொன்னாள். அடுத்த நிறுத்தம் எது என்று அவளுக்கு இப்போது தெரியும். தெரிந்தும் கால் அதை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு மனசு கேட்டது.

வளைவுக்குக் கீழே அந்த அடிக்கட்டை வந்தது. தடத்துக்கு வலதுபக்கம், வீட்டுக்கு எதிர்ப்புறம். செவலை அதன் பக்கத்தில் போய்ச் சரியாக நின்றது.

அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம். மூன்று. ஐந்து. குதிரை வாலைக்கூட அசைக்கவில்லை. கயிற்றை இழுத்துப் பார்த்தாள், கழுத்து வந்தது, கால் வரவில்லை. பிறகு, ஆஸ்பத்திரியில் பெயரைக் கூப்பிடும்போது எழுந்து போவோமே, அந்தத் தயக்கத்தோடு அடிக்கட்டையில் உட்கார்ந்தாள். செவலை பக்கவாட்டில் நகர்ந்து முன்னால் நின்றது. தலையைத் தாழ்த்தி அவள் மடியருகே வைத்துக்கொண்டு காத்திருந்தது.

போன் அடித்தது. தம்பி மனைவி, சமையலறையிலிருந்து.

"அண்ணி, எங்கே இருக்கீங்க? ஜன்னல்ல பார்த்தா குதிரை மட்டும் தனியா நிக்குது. உங்களைக் காணோமே?"

அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். குதிரையின் விலா மறைத்தது.

"அண்ணி? விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"இல்லம்மா. இங்கேதான் உட்கார்ந்திருக்கேன்."

"எங்கே? தெரியலையே."

"தெரியாது" என்றாள். "தெரியக் கூடாதுன்னுதான்."

போனை வைத்துவிட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதது, அடக்கம் முடிந்தும் அழாதது, எல்லாம் சேர்ந்து வந்தது. செவலை நின்றது எதுவும் செவலைக்காக இல்லை. மூச்சு வாங்கிய மனிதர், கம்பத்தைப் பிடித்து ஒரு முறை, மதகில் உட்கார்ந்து ஒரு முறை, இங்கே உட்கார்ந்து ஒரு முறை என்று மூன்று இடத்தில் தங்கித் தங்கி ஏறியிருக்கிறார். வீட்டிலிருந்து பார்க்கிற கண்ணுக்குக் குதிரையும் வண்டியும் மறைவு. அதற்காகவே வலதுபக்கம் மாறியிருக்கிறார். தோள்பட்டையாவது, வலியாவது.

ஏன் மறைத்தார் என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் சத்தத்துக்கு நடுவே போனில் அவளே கறாராகப் பேசியிருந்தாள். "அந்த ஏத்தம் என்னைக்கு உங்களால ஏற முடியலையோ, அன்னைக்கே குதிரையைக் குடுத்துட்டு எங்கூட வந்துடணும். பேச்சு மாறக் கூடாது." அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிம்மா" என்றார். அவள் வீடு மூன்றாவது மாடி, நாற்பத்து நாலு படி. அதை அவரும் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அப்பாவால் முடியவில்லை என்றால் குதிரை போய்விடும். குதிரையால் முடியவில்லை என்று சொன்னாலும் என்றைக்காவது குதிரை போய்விடும், ஆனால் கொஞ்சம் நாள் தள்ளும். அறுவடை முடியட்டும், மழை முடியட்டும் என்று மூன்று வருஷம் தள்ளியிருக்கிறார். அந்த மூன்று வருஷமும் மாட்டு டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்த இடம் தவறு, ஒரு முழம் தள்ளி, கயிற்றைப் பிடித்து நின்ற அப்பாவின் நெஞ்சில் வைத்திருக்க வேண்டும்.

அன்று காலையில் இந்தக் கட்டையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கழுத்தைத் தாழ்த்தி, பட்டையைப் பிடிக்கிற கைக்காகச் செவலை ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. அவர் எப்படிச் சொல்லி வைத்தாரோ அப்படியே நின்றது. வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வளைவுக்கு மேலிருந்து சேற்றுச் சத்தம் கேட்டது. தம்பி தடதடவென்று இறங்கி வந்தான்.

"மணி என்ன பாரு. டிரைவர் ஹாரன் அடிச்சுட்டே இருக்கான். எழுந்திரு, கயித்தைக் குடு." அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைக் குறைத்தான். "இங்கே ஏன்க்கா உட்கார்ந்தே? இந்த இடத்துலயா உட்காரணும்?"

"நீ உட்காரு."

"என்ன?"

"இந்தக் கட்டையில ஒரு நிமிஷம் உட்காருடா. அப்புறம் நானே லாரியில ஏத்திடறேன்."

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவுக்குத் துக்கம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பான், விட்டுப்பிடிக்கலாம் என்று உட்கார்ந்தான். அவள் எழுந்து கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, பத்தடி தள்ளி நின்றாள். செவலை தம்பிக்கு நேராக நகர்ந்து நின்று, கழுத்தைத் தாழ்த்தியது. அவன் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"வீட்டைப் பாரு" என்றாள். "உன் பொண்டாட்டி இப்ப ஜன்னல்ல நிப்பா. உனக்கு வீடு தெரியுதா?"

அவன் தலையை இப்படியும் அப்படியும் நீட்டிப் பார்த்தான். குதிரையின் விலாதான் தெரிந்தது.

"இப்ப எழுந்திரு. பட்டையைப் பிடிச்சு எழுந்திரு."

பிடித்து எழுந்தான். செவலை நடந்தது. நாலே எட்டு, அவன் பட்டையை விட்டதும் நின்றது. தம்பி திரும்பி அடிக்கட்டையைப் பார்த்தான், கீழே மதகைப் பார்த்தான்.

"கம்பத்துல ஒரு தடவை, மதகுல ஒரு தடவை, இங்கே ஒரு தடவை" என்றாள் அவள். "நின்னது இது இல்லடா. அப்பா."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்கிற குரலில் பேசினான்.

"நான் அன்னைக்கு வந்ததும் வராததுமா இதைத்தான் அடிச்சேன். கயித்து நுனியால மூணு அடி, நாலு அடி. இது நகரவே இல்லக்கா. நாலு அடியும் வாங்கிட்டு அப்படியே நின்னுது. அப்புறந்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்."

ஞாயிற்றுக்கிழமைப் போன் பேச்சை அவனிடம் சொல்ல வேண்டும், ஆனால் இப்போது வேண்டாம் என்று மட்டும் நினைத்தாள்.

மேலே ஹாரன் விடாமல் அடித்தது. தம்பி கயிற்றை எடுத்துக்கொண்டு வலதுபக்கம் போய் நின்றான். ஒரு கையால் பட்டையைப் பிடித்தான். "வாங்க" என்றான். அந்த வார்த்தை அவன் வாயில் பழகாததால் பாதிதான் வந்தது. செவலை நடந்தது. கீழே திரும்பலாம் என்று அவள் சொல்லப் பார்த்தாள். ஆனால் இந்தத் தடம் குறுகல், குதிரைக்குத் தெரிந்ததும் மேலே போய்ச் சாலையில் சுற்றித் திரும்புவதுதான். மூன்று பேரும் மேலே போனார்கள். வழியில் அது வேறெங்கும் நிற்கவில்லை.

லாரியின் பின்கதவு ஏற்கனவே இறக்கி வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஏதோ இரண்டு குதிரைகள் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றன. டிரைவர் பீடியை அணைத்துவிட்டு வந்தார்.

"எவ்வளவு நேரம்பா. ஏத்துங்க, ஏத்துங்க."

தம்பி அந்தக் கதவுப் பலகைக்குப் பக்கத்தில் போனான். அவளுக்குச் சட்டென்று பயம் வந்தது. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று ஏற்றிவிடுவானோ? அவன் பிடிவாதம் அப்பா கொடுத்தது. 'டேய்' என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அவன் பலகையைத் தாண்டி, சாலையின் அகலத்துக்கு அப்பா வண்டியைத் திருப்புகிற அதே இடத்தில், செவலையை ஒரு வட்டம் சுற்றிக் கீழ்நோக்கி நிறுத்தினான்.

டிரைவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். "என்னப்பா, திருப்பறே? முடிஞ்சு போன குதிரை, ஏத்தத்துல நிக்குதுன்னுதானே சொன்னே? என்னதான் கோளாறு அதுக்கு?"

தம்பி செவலையின் பிடரியில் கையை வைத்துக்கொண்டு நின்றான். இந்தக் கேள்விக்கு மாட்டு டாக்டர் சொன்ன பதிலை மூன்று முறையும் நம்ப மாட்டேன் என்று சண்டைக்குப் போனவன் அவன்தான்.

"குதிரைக்கு ஒண்ணும் இல்லங்க" என்றான். அக்காவைப் பார்த்தான். அவள் வந்து கயிற்றின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள்.